பெனால்டி பெட்டியில ரெண்டு நிமிஷம்

கதவைச் சாத்திட்டாங்க. ரெண்டு நிமிஷம். மேல போர்டுல சிவப்பு நம்பர் 2:00ன்னு அப்படியே நிக்குது, இன்னும் ஓட ஆரம்பிக்கல, ஏன்னா எதிர் டீம் டோரீனை இன்னும் ஐஸ்லருந்து எழுப்பிட்டே இருக்காங்க, அங்க பாக்காத கனி, கீழ பாரு, உன் ஸ்கேட்டைப் பாரு, லேஸ் அவுந்திருக்கா, இல்ல, கெட்டியாத்தான் இருக்கு, சரி அந்த ரப்பர் பாயைப் பாரு, எத்தனை பேரு இங்க உக்காந்து எச்சி துப்பியிருப்பாங்களோ. பெட்டின்னு பேரு, ஆனா கண்ணாடிக் கூண்டு. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்கார்பரோவுல ஒரு ஐஸ் ஹாக்கி ரிங்க்ல அம்பத்திரண்டு வயசுப் பொம்பளையை உள்ள வச்சுக் கதவைச் சாத்தி, பாத்துக்கோங்கப்பான்னு. ஆனா யாரும் மொறைக்கலையே! அதுதான் தாங்க முடியல. மொறைச்சிருந்தா நல்லாருந்திருக்கும். ரெஃப்ரீ அம்மா என்னை இங்க கூட்டிட்டு வரும்போது முதுகுல தட்டிக் குடுத்துட்டு வருது. டோரீன் விழுந்து கெடந்த எடத்துலருந்தே, மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டே, என்னைப் பாத்துச் சிரிக்குது, பரவால்ல டியர், பரவால்லன்னு. அறுபத்தாறு வயசு அதுக்கு. ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனது. பரவால்லையாம். எல்லாரும் என்ன நினைக்கிறாங்கன்னா, பாவம் இந்தக் கானி, இங்க யாருக்கும் கனின்னு வராது, பாவம் இந்தக் கானி புதுசு, ஐஸ் மேல நிறுத்தத் தெரியாது, வேகமா வந்துச்சு, நிறுத்த முடியாம மட்டை போயி டோரீன் காலுக்குள்ள மாட்டிக்கிச்சு. மாட்டிக்கல. நான் மாட்டினேன். வேணும்னே மாட்டினேன். சொல்லிரு. இல்ல, சொல்லாத. யாருக்குத் தெரியும்? எனக்கு மட்டும்தான் தெரியும், எனக்கும் என் வலது கைக்கும்.

விசில். 1:58. ஓடுது. டோரீன் அவங்க பெஞ்சுல போயி உக்காந்துட்டா, பச்சைச் சட்டைக்காரங்க நாலஞ்சு பேரு சுத்தி நிக்கிறாங்க, க்ளவுஸைக் கழட்ட முடியல போல, ஒருத்தி மெதுவா விரல் விரலா உருவுறா. ஒடிஞ்சிருக்குமா? சத்தம் கேட்டுச்சே, ஒரு சத்தம், அது மட்டை விழுந்த சத்தமாக்கூட இருக்கலாம், மட்டைதான், மட்டையாத்தான் இருக்கும். பாக்காத. எங்க ஆளுங்களைப் பாரு. நான் உள்ள உக்காந்திருக்கறதால அங்க நாலே பேரு, எதிர்ல அஞ்சு பேரு, பின்னாடி கோல்ல தவமலர் அக்கா. அய்யோ அக்கா. அம்பத்தெட்டு வயசு, ரெண்டு மொழங்கால்லயும் பெல்ட்டு, அது மேல தலகாணி மாதிரி பேட், மொகத்துல கம்பி மாஸ்க், நான் பண்ணின வேலைக்கு அவங்க முட்டி போட்டு அடி வாங்கணும். அவங்க பண்ணினதைப் பாரு, டோரீன் விழுந்த ஒடனே கோலை அம்போன்னு விட்டுட்டு, அந்தப் பேட்டெல்லாம் டப்பு டப்புன்னு இடிக்க, வாத்து மாதிரி சறுக்கி வந்து, ரெஃப்ரீகிட்டயும் டோரீன்கிட்டயும் மாறி மாறி, ஷி இஸ் நியூ, ஷி கான்ட் ஸ்டாப், ஐ பிராமிஸ் யூ, ஐ பிராமிஸ். பிராமிஸ்! எனக்காக. அப்புறம் என் ஹெல்மெட்டைத் தட்டி, "பயப்பிடாதை பிள்ளை, நான் சொல்லிப்போட்டன். ரெண்டு நிமிசம்தானே, போய் இருந்திட்டு வா. நான் பாத்துக்கொள்ளுறன்." நான் என்ன சொன்னேன்? சரிக்கான்னேன். சரிக்கா. அந்த ஒரு வார்த்தையில அவங்க பிராமிஸை வாங்கி நான் ஜேப்புல போட்டுக்கிட்டேன்.

1:41. டொம்னு பலகையில பக் அடிக்குது, அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கண்ணாடி அதுருது, என் பல்லு வரைக்கும் அதுருது. இந்தச் சத்தம் எனக்குப் புடிக்கும். எவ்வளவு புடிக்கும்னு யார்கிட்ட சொல்ல? வீட்டுக்காரரு ராஜபாண்டிகிட்ட சொன்னா, "ஒலிம்பிக்ஸ்க்குக் கெளம்பிட்டியா, இடுப்பு ஒடிஞ்சு வந்தா நான் கஞ்சி வைக்க மாட்டேன்"னு டிவியைப் பாத்துக்கிட்டே சொல்லுவாரு. அக்காதான் இதுக்குள்ள இழுத்து விட்டது. மருந்து பேக் பண்ற எடத்துல ரெண்டு பேரும் ஒரே லைன், போன வருஷம் ஜனவரி, எனக்குத் திடீர்னு கழுத்துலருந்து உச்சி வரைக்கும் சூடு குப்புன்னு ஏறும், அட்டை மூடியை எடுத்து விசிறிக்கிட்டு நின்னேன். "என்ன பிள்ளை, வெளியில மைனஸ் பதினெட்டு, உனக்கு வேர்த்துக் கொட்டுது?" தெரியலக்கா, உள்ள அடுப்பு எரியுது. "எனக்கும் உது வந்தது. நான் ஐஸில போய் நிண்டனான். நீயும் வா." ஐஸ்லயா, விழுந்து சாகவா? "விழுந்தால் குளிரும். அதுக்குத்தானே போறது!" லைன்ல எல்லாரும் சிரிச்சுட்டாங்க. ஏன்க்கா கோல்ல போயி நிக்கிறீங்கன்னு கேட்டதுக்கு, "எனக்கு ஓட ஏலாது. ஒரு இடத்தில நிண்டு வாறதை எல்லாம் மறிக்கிறது, அது நான் கலியாணம் கட்டின நாளிலயிருந்து செய்யிறன்." மொத நாள் டிரஸ் மாத்துற ரூம்ல சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டு நான் சட்டையைக் கழட்ட, அக்கா சத்தமா, "உங்கை பார் எல்லாற்றை வயித்தையும். உன்ரை மட்டும் என்ன தங்கமே?" திரும்பிப் பாத்தேன். உண்மைதான். சிசேரியன் தழும்பு, அபெண்டிக்ஸ் தழும்பு, ஒருத்திக்கு ஒரு மார்பு இல்ல, அவ பாட்டுக்குத் தோள் பேடை மாட்டிக்கிட்டு வாழைப்பழம் தின்னுட்டிருக்கா. அந்த ரூம்ல யாரும் யார்கிட்டயும் ஒண்ணும் மறைக்கறதில்ல. நான் ஒருத்திதான்.

ஏன்னா நான் மொத நாளே பொய் சொன்னேன். ஃபார்ம்ல கேட்டிருந்துச்சு, இதுக்கு முன்னாடி எந்த வகை ஹாக்கியாவது ஆடியிருக்கீங்களா? இல்லன்னு டிக் அடிச்சேன். கோவில்பட்டிக்காரி! ஆறாம் வகுப்புலருந்து பன்னண்டாவது வரைக்கும் செம்மண் கிரவுண்டுல மட்டையோட திரிஞ்சவ, ஸ்கூல் டீம்ல லெஃப்ட் ஹாஃப், இல்லன்னு டிக் அடிச்சேன். ஏன்? ஆடியிருக்கேன்னு சொன்னா விழும்போது சிரிப்பாங்க. ஆடினதே இல்லன்னா விழுந்தா கை தட்டுவாங்க. அவ்வளவுதான். அவ்வளவு சின்னக் காரணம். கை தட்டினாங்களே! எந்திரிச்சு நின்னா கை தட்டு, பக் என் மட்டையில தெரியாம பட்டா கை தட்டு, மத்த டீம்காரங்ககூட ஒதுங்கி வழி விடுவாங்க, ஜாக்கிரத, கானி வர்றா, அவளுக்கு நிறுத்தத் தெரியாது. அதுவும் பொய். எனக்கு நிறுத்தத் தெரியும். டிசம்பர்லருந்து தெரியும். செவ்வாக்கெழமை காலையில யாருமில்லாத நேரத்துல பொது ஸ்கேட்டிங்குக்குத் தனியா வந்து, எடது பக்கம் மட்டும், இடுப்பைத் திருப்பி, ஸ்கேட்டோட ரெண்டு கத்தியையும் குறுக்க போட்டா சர்ருன்னு பனி தெறிக்கும் பாரு, அப்படியே நிப்பேன், மொத தடவை நின்னப்போ கத்திட்டேன், அந்தப் பெரிய காலி ரிங்க்ல நான் மட்டும் ஏய்ய்ன்னு. ஆனா டீம்ல காட்டல. காட்டினா வழி விட மாட்டாங்க. 1:22. ச்சீ. நினைக்கவே கூசுது, இந்த ஹெல்மெட்டுக்குள்ள காது ரெண்டும் கொதிக்குது, இது அந்தச் சூடு இல்ல, இது வேற.

சின்ன ஜன்னலைத் தள்ளி நேரம் பாக்குற அம்மா எட்டிப் பாக்குது, கழுத்துல பூப்போட்ட ஸ்கார்ஃப், கையில ஒரு இருமல் மிட்டாய். ஃபர்ஸ்ட் டைம், ஹனி? தலையாட்டினேன். எல்லாருக்கும் ஒரு நாள் ஆகும்னு மிட்டாயை நீட்டுது. வாங்கிட்டேன். அதையும் வாங்கிட்டேன். க்ளவுஸோட பிரிக்க முடியல, கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். நேத்திக்கா இன்னிக்கா வந்த கை இது? ஸ்கூல்ல ஹாக்கி பழக்கின பாக்கியம் டீச்சர் இதை எங்களுக்குச் சொல்லித் தரல, சொல்லித் தந்தாங்கன்னு பழி போட முடியாது, நாங்களே கண்டுபிடிச்சோம், நானும் லெஃப்ட் பேக் ஆடின எஸ்தரும். அம்பயர் பந்தைத்தான் பாப்பாரு. எதிராளி ஒரு கால்ல முழு வெயிட்டையும் போட்ட நேரம் பாத்து, மட்டையோட வளைவை அந்தக் குதிகாலுக்குப் பின்னாடி வச்சா போதும், இழுக்கக்கூட வேண்டாம், அவளே விழுவா. விழுந்தவ எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு ஓடுவா, கல்லு தடுக்கிருச்சுன்னு நினைச்சுக்குவா, ஒருத்தி எங்கிட்டயே வந்து, இந்த கிரவுண்டு சரியில்லக்கான்னு சொன்னா. ஆமான்னேன். முப்பத்தஞ்சு வருஷம்! சப்பாத்தி மாவு பெசைஞ்ச கை, ரெண்டு பிள்ளைக்குத் தலை சீவின கை, ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு டப்பா அடுக்குற கை, எல்லாத்தையும் மறந்திருக்கும்னு நினைச்சேன், அந்த ஒரு வேலையை மட்டும் அப்படியே வச்சிருந்திருக்கு. ஆனா கைமேல பழி போடாத கனி. கை பாக்கல, நீ பாத்த. அவ இடது கால்ல வெயிட்டு வர்ற வரைக்கும் காத்திருந்த. எவ்வளவு நேரம்? ஒரு நொடி. ஒரு முழு நொடி காத்திருந்த.

1:03. அக்கா ஒண்ணைத் தடுத்துட்டாங்க, மொழங்கால் பேடுல பட்டு வெளிய போச்சு, இன்னொண்ணு, கையில! எங்க பெஞ்சுல மட்டையால பலகையைத் தட்டுறாங்க, அக்கா கஷ்டப்பட்டு எந்திரிக்கிறாங்க, ஒரு காலை ஊணி, மட்டையை ஊணி, கெழவி மாடிப்படி ஏறுற மாதிரி, திரும்ப முட்டி போடுறாங்க. எனக்காக. டோரீன் இல்லாமலே இந்தப் பச்சைச் சட்டைக்காரங்க இப்படி அடிக்கிறாங்க. ஏன் பண்ணினேன்? அவ டியர் டியர்னு கூப்பிட்டதுக்கா? நான் ஒவ்வொரு தடவை விழுந்து எந்திரிக்கும்போதும், நல்ல முயற்சி டியர்னு குழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னதுக்கா? அப்படின்னு சொல்லிக்கலாம். கேக்க நல்லாருக்கு. நம்ம ஊர்லருந்து வந்தவளைக் கொறைச்சுப் பேசினா, கோவம் வந்துருச்சுன்னு சொன்னா நம்ம ஆளுங்க நாலு பேரு தலையாட்டுவாங்க. பொய். அவ யாரையும் கொறைச்சுப் பேசல. அவ எல்லாரையும் டியர்ங்கிறா, ரெஃப்ரீயையும் டியர்ங்கிறா. நடந்தது என்னன்னா, இந்த சீசன்லயே மொத தடவையா பக் எங்கிட்ட வந்து, எனக்கு முன்னாடி யாருமே இல்ல, வெறும் வெள்ளை ஐஸ், தூரத்துல அவங்க கோல், நான் ஓடுறேன், என் மூச்சு எனக்கே கேக்குது, பதினேழு வயசு மாதிரி இருக்கு, பின்னாடிலருந்து ஒரு சர்ர், அவ்வளவுதான், டோரீன், என் மேல ஒரு நூல்கூடப் படாம, மட்டையை அடியில விட்டு, பூ பறிக்கிற மாதிரி பக்கைப் பறிச்சுக்கிட்டு, ஒரே வளைவுல எங்க கோலைப் பாத்துத் திரும்பிட்டா. அழகுடீ அது! அறுபத்தாறு வயசு! பத்து வயசுலருந்து ஒரு வருஷம்கூட விடாம ஆடியிருக்கா, பிள்ளை பெத்துட்டு ஆடியிருக்கா, புருஷன் செத்து ஆடியிருக்கா, யாரும், பன்னண்டாவது முடிஞ்சதும் எங்கிட்டச் சொன்ன மாதிரி, அவகிட்ட மட்டையைக் கொண்டா, போதும், பெரியவளாயிட்டன்னு சொல்லல. அவ அதை ஒண்ணும் எங்கிட்டருந்து திருடலையே. ஆனா அந்த நொடியில எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் அவதான் எடுத்துட்டா, இப்போ இதையும் எடுத்துட்டான்னு. அவ ஓடுறதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியல. விழணும்னு இருந்துச்சு. பொறாமை. இதான் பேரு. வேற பேரு தேடாத.

0:44. சொன்னா என்ன ஆகும்? மொத நாளே கேப்டன் மார்லீன் எல்லாரையும் உக்கார வச்சுச் சொன்னா, இங்க ஒரே ஒரு சட்டம்தான், திங்கக்கெழமை நாம எல்லாரும் வேலைக்குப் போகணும், வேணும்னே யாரையாவது விழ வச்சா சீசன் முடியுற வரைக்கும் வராதீங்க. சீசன் முடிய இன்னும் ஏழு வாரம். அப்புறம் அடுத்த சீசன் கூப்பிடுவாங்களா? ஏழு ஞாயித்துக்கெழமை. வீட்டுல ராஜபாண்டியும் டிவியும். சொல்லலன்னா? சொல்லலன்னா ஒண்ணும் இல்ல! மேட்ச் முடிஞ்சு வரிசையா நின்னு கை குடுப்போம், டோரீன் எடது கையால என் கையைப் பிடிச்சு, கவலப்படாத டியர்ம்பா, அக்கா கார்ல ஃபிளாஸ்க் டீயை ஊத்திக் குடுத்து என் பயத்தை வச்சுக் கேலி பண்ணுவாங்க, அடுத்த வாரமும் வருவேன், கை தட்டுவாங்க. எல்லாம் அப்படியே இருக்கும். அதுல ஒவ்வொண்ணும் நான் திருடினதா இருக்கும். மணிக்கட்டு மட்டும் ஒடிஞ்சிருந்தா? அவ தனியா இருக்கறவ, பாட்டில் மூடி எப்படித் திறப்பா? இந்த ரெண்டு நிமிஷம் உக்காந்து எந்திரிச்சா சரியாப் போச்சுன்னு சட்டம் சொல்லுது, அது கால் தடுக்கினதுக்கு. நான் பண்ணினதுக்கு இல்ல. இன்னும் முப்பத்தெட்டு செகண்டு இருக்கு, யோசி, மெதுவா யோசி, நேரம் இருக்கு, வெளிய வர்றதுக்குள்ள

ஓன்னு சத்தம். என்ன? பச்சைச் சட்டைக்காரங்க கையைத் தூக்குறாங்க. அக்கா குப்புறக் கெடக்காங்க, பக் அவங்களுக்குப் பின்னாடி வலைக்குள்ள. கோல். போர்டுல என்னோட நம்பர் 0:36ல இருந்து அப்படியே மறைஞ்சு போச்சு. கதவு திறக்குது, ஸ்கார்ஃப் அம்மா, நீ போகலாம் ஹனிங்குது. இன்னும் நேரம் இருக்கேன்னேன். இல்ல, அவங்க கோல் போட்டுட்டா உன் தண்டனை முடிஞ்சுது, அதான் ரூல். முடிஞ்சுதாம்! நான் பண்ணினதுக்கு அக்கா வாங்கினாங்க, அதனால நான் விடுதலை. எந்திரிக்கிறேன். எங்க பெஞ்ச் வலது பக்கம், டோரீன் பெஞ்ச் எதுத்தாப்ல. மார்லீன் கையை ஆட்டி வா வாங்கிறா. எதுத்தாப்ல போறேன். எதுக்குப் போறேன்னு எனக்கே தெரியல, ஸ்கேட் போகுது. டோரீன் மணிக்கட்டுல ஒரு பிளாஸ்டிக் பையில ஐஸைச் சொரண்டிப் போட்டுக் கட்டியிருக்காங்க, விரலெல்லாம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கு. என்னைப் பாத்ததும் மொகம் மலருது. ஓ டியர், உன் மொகத்தைப் பாரு, நீ அழுவாத, நிறுத்தத் தெரியாத காலம் எங்க எல்லாருக்கும் இருந்துச்சுன்னு நல்ல கையைப் பலகைக்கு மேல நீட்டுறா. அவ பெஞ்சுக்கு நேரா வந்தேன், இடுப்பைத் திருப்பினேன், சர்ர்ருன்னு பனி தெறிச்சு பலகையில அடிச்சுது. நின்னுட்டேன். சுத்தமா நின்னுட்டேன். நீட்டின கை அப்படியே இருக்கு. ஐ கேன் ஸ்டாப்ன்னேன். ஐ டிட் இட் ஆன் பர்ப்பஸ். பெஞ்சுல ஒருத்தி தண்ணி குடிச்சுட்டிருந்தவ பாட்டிலை எறக்கினா. டோரீன், ஒய்? அவ்வளவுதான் கேட்டா. கோவமா இல்ல, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. யூ வேர் பெட்டர்ன்னேன். அவ என்னை உத்துப் பாத்தா. அந்தக் கை மெதுவா பலகைக்கு அந்தப் பக்கம் எறங்கிருச்சு. ஓகேன்னா. டியர் இல்ல, ஒண்ணும் இல்ல. மொகத்தைத் திருப்பி ஐஸைப் பாக்க ஆரம்பிச்சா.

ஆச்சரியமா இருந்துச்சு, வலிக்கவே இல்ல! இங்கிலீஷ்ல சொன்னது, நான் சொன்ன மாதிரியே இல்ல, யாரோ எழுதிக் குடுத்ததைப் படிச்ச மாதிரி வந்துச்சு. அவ்வளவுதானா, முடிஞ்சுதான்னு திரும்பினா, அந்தப் பக்கம் கோல் கம்பத்துல சாஞ்சுக்கிட்டு, மாஸ்க்கைத் தலைமேல தூக்கி வச்சு, தண்ணி குடிச்சுக்கிட்டு அக்கா என்னையே பாத்துட்டிருக்காங்க. மொகமெல்லாம் செவந்து, முடி நெத்தியில ஒட்டி. போனேன்.

"என்ன பிள்ளை, அவவிட்டைப் போய் மன்னிப்புக் கேட்டனியே? நல்லது. கை எப்பிடியாம்?"

"வீங்கியிருக்குக்கா."

"என்ன, அழுறியே? உந்தக் கோலுக்கோ? விடு, அது என்ரை பிழை. எனக்கு வலப்பக்கம் குனிய ஏலாது."

"அக்கா." தமிழ்ல அது வர மாட்டேங்குது. இதுக்கு எழுதிக் குடுக்க யாரும் இல்ல. "அக்கா, எனக்கு நிறுத்தத் தெரியும். நான் வேணும்னுதான் அவங்களைத் தடுக்கி விட்டேன். பாத்து, காத்திருந்து, வேணும்னே விட்டேன்."

பாட்டிலை வலைமேல வச்சாங்க. அது சாஞ்சுது, திரும்ப நேரா வச்சாங்க.

"நான் அந்த மனிசியிட்டை சத்தியம் பண்ணினனான், கனி."

பிள்ளை இல்ல. கனி.

"தெரியும்க்கா."

"மார்லீனிட்டையும் நீதான் சொல்லோணும். மட்ச் முடிஞ்ச உடனை. நானா வாய் திறக்கமாட்டன், ஆரும் கேட்டால் ஒண்டும் நடக்கேல்லையெண்டும் சொல்லமாட்டன்."

"சொல்றேன்க்கா. வெளிய போயிரவா? பெஞ்சுல உக்காந்துக்கவா?"

நடுவுல ரெஃப்ரீ பக்கைக் கையில வச்சுக்கிட்டு நிக்குது, பச்சைச் சட்டைக்காரங்க அஞ்சு பேரும் எடத்துக்கு வந்துட்டாங்க, எங்க பக்கம் ஒரு ஆள் கொறையுது. அக்கா மாஸ்க்கை எறக்கிட்டாங்க, கம்பிக்குப் பின்னாடி மொகம் தெரியல, குரல் மட்டும்.

"போகாதை. இதிலை, எனக்கு முன்னாலை நில். நான் பாக்கக்கூடிய இடத்திலை நில்."

நின்னேன். முதுகு பூராவும் அவங்க பார்வை.